கெடாரில் எத்தனை பேர்? ஆட்டிசமும் எண்ணிக்கையின் அரசியலும்

விழுப்புரம் மாவட்டம் கெடாரில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு விடை கிடையாது. பார்வை, செவி, பேச்சு, இயக்கம், மனவளர்ச்சிக் குறைவு, மனநோய், பிற, பல்வகை என எட்டு வகைகளே அன்றைய படிவத்தில் இருந்தன. பேசாத குழந்தையைப் பேச்சுக் குறைபாடு என்றோ மனவளர்ச்சிக் குறைவு என்றோ குறித்துவிட்டுக் கணக்கெடுப்பாளர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பும் விழுந்திராது.

சட்டமும் தாமதமாகத்தான் வந்தது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைக் கொண்ட 2016 சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சான்றிதழ்களை ஒப்பிட்டு 'நோய் பெருகிவிட்டது' என்பவர், உண்மையில் அரசிதழின் வயதையே அளக்கிறார். (நோய் என்ற சொல்லே தவறு என்பது தனி வழக்கு.)

அமெரிக்காவில் கதை வேறு. எட்டு வயதுக் குழந்தைகளில் 2000இல் 150க்கு 1 என்றிருந்தது 2022இல் 31க்கு 1 ஆயிற்று. சுகாதாரச் செயலர் ராபர்ட் கென்னடி இளையவர் அதைக் கொள்ளைநோய் என்கிறார். 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் விழுங்கும் பாரசிட்டமாலைக் கைகாட்டினார். ஆனால் 31க்கு 1 என்ற எண்ணைத் தந்த அதே அறிக்கையில் டெக்சாஸின் லரேடோ பகுதியில் ஆயிரத்துக்கு 9.7, கலிபோர்னியாவில் 53.1. ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாட்டை ஒரு மாத்திரையால் விளக்க முடியுமா? எங்கே பரிசோதனை வசதி அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே எண் உயர்கிறது என்பதே நெருக்கமான விளக்கம். டென்மார்க்கில் 2015இல் வெளியான ஆய்வு, அங்கு கண்ட உயர்வில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வரையறை மாற்றத்தோடும் பதிவு முறை மாற்றத்தோடும் இணைத்தது. மீதி 40 இருக்கிறது. பெற்றோரின் கூடும் வயது, குறைமாதக் குழந்தைகள் பிழைப்பது போன்றவற்றை அங்கே தேடவேண்டும். அந்த மீதியை மறுப்பதும் அரசியலே.

இந்தியாவில் 2018இல் வெளிவந்த ஐந்து இட ஆய்வு பல்வல், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஐதராபாத் ஆகியவற்றைப் பார்த்தது. தமிழகம் அதில் இல்லை. இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டோரிடம் ஆட்டிசம் உள்ளிட்ட நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் ஓரிடத்தில் 2.9, இன்னோரிடத்தில் 18.7 விழுக்காடு. இப்படி அகன்ற வீச்சிலிருந்து கெடாருக்கு ஒரு விகிதத்தைக் கடன் வாங்குவது கணக்காகாது. இதற்கிடையே ஆறாம் தேசியக் குடும்பநல ஆய்விலிருந்து மாற்றுத்திறன் பற்றிய கேள்விகளே நீக்கப்பட்டன. அமெரிக்காவில் எண் மேடையேறிக் கூச்சலிடுகிறது, இங்கே எண் பிறக்கவே இல்லை. இரண்டாலும் அரசுக்குச் செலவு மிச்சம்.

ஆகவே விகிதத்தை மட்டும் கேட்பது போதாது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். கெடார் அங்கன்வாடியில் எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேரை மாவட்ட மையத்துக்கு அனுப்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் கூலியை விட்டுப் பேருந்தேறி 40 விழுக்காட்டுக் குறைபாட்டை உறுதிசெய்யும் சான்றிதழ் வரை போய்ச் சேர்ந்தார்கள்: இந்த மூன்றையும் ஊர்வாரியாக வெளியிட்டால், எந்தப் படியில் குழந்தைகள் உதிர்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.