மரவரியிலிருந்து போத்தல் வரை

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே வந்தால், நிலாவெளியும் இறக்கக்கண்டியும் தாண்டிக் குச்சவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் மணல். யாரும் தண்ணீர் ஊற்றாமல் அந்த மணலில் நிற்பது பனை. இம்மலருக்குப் பனைத்தொழிற் கூட்டுறவின் வரலாற்றை எழுதச் சொன்னவர்கள், "கள்ளைப் பற்றி அதிகம் வேண்டாம்" என்றும் சொல்லிவைத்தார்கள். கள்ளை நீக்கினால் அந்த வரலாற்றில் எழுத ஒன்றும் மிஞ்சாது. பனங்கட்டியும் ஒடியலும் கடகமும் பெருமைக்குரியவைதான். ஆனால் சங்கங்கள் எழுந்தது கள்ளுக் காசில்.

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. நாட்டின் பல பகுதிகளில் கள் விற்கும் தவறணை ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் முதலாளி, ஏறியவர் கூலி. யாழ்ப்பாணத்தில் பின்னர் மரவரி முறை நடந்தது. மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டிவிட்டுச் சீவலாம், விற்கலாம். கேட்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் மரம் பெரும்பாலும் வேறொருவரின் வளவில் நின்றது. கள்ளில் பங்கு, வாடகை, பணிவு என்று வளவுக்காரருக்குக் கொடுத்தது போகத்தான் ஏறியவருக்கு மிச்சம்.

அவர் இறக்கிய கள்ளைப் பிழாவில் வாங்கிக் குடித்த ஊர், தேநீர்க் கடைக்குள் அவரை இருக்கவிடவில்லை. 1966 ஒக்டோபரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த நுழைவுப் போராட்டமும் இந்தப் பின்னணியில்தான். கூட்டுறவின் கதையை வெறும் பொருளாதாரக் கதையாக எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1972 அளவில் மரவரி முறை போய், சீவல் தொழிலாளரே உறுப்பினராக இருந்து தவறணை நடத்தும் சங்கங்கள் வந்தபோது மாறியது விலை மட்டுமல்ல. அளந்து ஊற்றிய கள்ளுக்குத் துண்டு, துண்டுக்குக் கணக்கு, கணக்கில் ஒரு பங்கு சேமிப்பு. பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினால் அந்தக் கைக்கு ஒரு வாக்கு. சனம் தவறணையையே 'கொப்பறேசன்' என்று கூப்பிடத் தொடங்கியது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயர் பலகையில் மட்டும் இருந்தது.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் யாழ்ப்பாணத்தில் அமைந்தது. 1971ஆம் ஆண்டின் தென்னை அபிவிருத்திச் சட்டத்துக்குப் பின்னர் செய்த திருத்தத்தின் வழியாகவே பனைக்கென்று ஒரு சபை கிடைத்தது. தென்னையின் வீட்டுத் திண்ணையில்தான் பனைக்கு இடம் என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. மிஞ்சும் கள்ளைச் சாராயமாக்க வடமராட்சிச் சங்கங்கள் திக்கத்தில் வடிசாலை கண்டது 1983இல். ஆண்டைப் பார்த்தாலே அடுத்து வந்தது போர் என்பது புரியும்.

இனி, போத்தலின் கதை. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது இனிப்பு மாறாத கருப்பணி. பூசாவிட்டால், பாளையில் சொட்டும்போதே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். கூடவே புளிப்பேற்றும் நுண்ணுயிர்களும். காலைக் கள் வெண்மையாய், நாக்கில் சுறுக்கென்று இருக்கும். மறுநாள் அது காடி. பிரான்சின் சப்ளி என்ற ஊரின் வெள்ளை வைனைக் குடித்தவர்களும் இதே சுறுக்கைத்தான் புகழ்கிறார்கள். அங்கே புளிப்பு பழத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த காலநிலை அதைக் காப்பாற்றுகிறது. அடிநிலம் சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணக்கல். யாழ்ப்பாணப் பனையும் சுண்ணக்கல்லில்தான் நிற்கிறது. ஆனால் சப்ளி வைன் ஆண்டுக் கணக்கில் நிற்கும், நம் கள் மறுநாளே மாறிவிடும்.

ஒரு காலத்தில் பிரான்சிலும் வைன் கெட்டுத்தான் போனது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, லூயி பாஸ்டர் தன் சிறுவயது ஊரான ஆர்புவாவில் வைனின் நோய்களை ஆராய்ந்தார். ஐம்பது அறுபது பாகைச் சூடு காட்டினால் அது கெடாது என்று கண்டார். பாலுக்கு அந்த முறை வந்தது பிறகு. கள்ளுப் போத்தலை மூடிச் சூடு காட்டும் நம் சங்கங்கள் செய்வதும் அடிப்படையில் அதுவே. சுறுக்குக் கொஞ்சம் குறையும். பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் இந்த உத்தி இருந்ததால்தான் யாழ்ப்பாணக் கள் கப்பலேறியது.

போர்க்காலத்தில் பனை பதுங்குகுழிக்கு மேற்கூரையானது. ஷெல் பட்டு மொட்டையாக நின்றவை வேறு. எங்கள் பக்கத்தில் 1985இல் திரியாய் உள்ளிட்ட ஊர்கள் வெறுமையாகின. ஆள் போனால் பனை சாகாது, ஆனால் சீவாத பனையில் சங்கத்துக்கு என்ன வேலை? பெயர்ப்பதிவேடும் பங்குப்பணமும் ஆட்களோடு போய்விட்டன. 2004 டிசம்பரில் சுனாமியாகக் கடலும் வந்தது. தொழிலின் கடினமும் உண்டு. தெற்கே களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, கீழே இறங்காமலே மரம் மாறுவார்கள். பனையில் ஒவ்வொரு மரத்துக்கும் ஏறி இறங்க வேண்டும், காலையிலும் மாலையிலும். பிள்ளைகள் இத்தொழிலுக்கு வராததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். முதுகு நோவது அவர்களுக்குத்தானே.

கடல் தாண்டித் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதே மாநிலத்தில் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு. இங்கே கள்ளுக்கு அனுமதி உண்டு, ஊர்ப்பெயர் இல்லை. சப்ளிக்கு 1938இலேயே சட்டம் எல்லை கீறிவிட்டது. அந்த எல்லைக்கு வெளியே விளைந்ததை அங்கே அப்பெயரில் விற்க முடியாது. நம் நாட்டுக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியீடு கிடைத்தபோது, பனைக்கும் கேட்கலாமே என்று தோன்றாதவர் யார்? கேட்பதற்கு முதலில் பதிவு வேண்டும்: எந்த மண், எந்த மரம், ஆண் பனையா பெண் பனையா, எந்த மாதத்துக் கள் எவ்வளவு புளிக்கும் என்று. குச்சவெளி மணற்கள்ளும் வடமராட்சிச் சுண்ணக்கல் கள்ளும் ஒன்றா என்று குடித்தவர்கள் வாதாடுவார்கள், எழுதிவைக்க மாட்டார்கள். வரும் பாளைக் காலத்தில் இரண்டையும் தனித்தனி முட்டியில் எடுத்து அளந்து பார்க்கும்படி கைதடி பனை ஆராய்ச்சி நிறுவகத்துக்குக் கடிதம் எழுதுவது, மலர் வெளியீட்டுக்குப் பிறகு கூடும் முதற் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறட்டும்.