காரையில்லாக் கற்சுவர்

காரையில்லாக் கற்சுவர் என்பது சுண்ணாம்பு, சிமெந்து, களிமண் போன்ற பிணைபொருள் எதுவும் இன்றி, இயற்கைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்படும் சுவர் ஆகும். கற்களின் எடையும், அவற்றின் பரப்புகளுக்கு இடையிலான உராய்வும், ஒரு கல் மற்றொன்றுடன் பொருந்தும் முறையுமே இச்சுவரை நிலைநிறுத்துகின்றன. எனவே இதன் உறுதி பெரும்பாலும் கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் அடுக்குவதிலும் தங்கியுள்ளது. வேலி, வயல் வரப்பு, மண்தாங்கு சுவர், ஏரிக்கரைப் பாதுகாப்பு, ஓடைத் தடுப்பணை முதலியவற்றுக்கு இம்முறை பயன்படுகிறது.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் (1010) போன்ற கற்றளிகளிலும் கற்கள் பெருமளவுக்குக் காரையின்றியே அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் அவை அளவெடுத்துச் செதுக்கப்பட்ட கற்கள். இக்கட்டுரை, செதுக்காத அல்லது சிறிதளவே உடைத்துச் சீர்செய்த கற்களால் கட்டப்படும் சுவர்களைப் பற்றியது.

கற்களைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல சுவர்க் கல்லுக்குப் பின்வரும் இயல்புகள் தேவை:

* உறுதி: சுத்தியலால் தட்டும்போது கணீரென ஒலிக்கும் கல் பொதுவாகப் பிளவற்றது. மந்தமான ஒலி தரும் கல்லில் உள்வெடிப்போ சிதைவோ இருக்கக்கூடும்.
* வடிவம்: இரண்டு எதிர்ப்பக்கங்களாவது ஓரளவு தட்டையாக இருக்க வேண்டும். உருண்டைக் கற்கள் ஒன்றையொன்று புள்ளிகளில் மட்டுமே தொடுவதால் எளிதில் உருளும்.
* நீளம்: கல்லின் நீண்ட பக்கம் சுவரின் உட்புறம் நோக்கிச் செல்லத்தக்கதாக இருத்தல் நல்லது.
* சொரசொரப்பு: கரடான பரப்பு உராய்வைக் கூட்டும். வழவழப்பான ஆற்றுக்கல் இதற்கு ஏற்றதன்று.
* பல அளவுகள்: அடித்தளத்துக்குப் பெரிய கற்கள், மேல் வரிசைகளுக்குச் சிறியவை, உள்ளிடத்தை நிரப்பச் சக்கைகள் என எல்லா அளவுகளும் வேண்டும்.

திருவள்ளூர் வட்டாரக் கற்கள்

திருநின்றவூரைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் வண்டலும் களிமண்ணும் கொண்ட சமவெளியாகும். ஆகவே இங்கு சுவர்க் கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியுள்ளது. சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளில் அறியப்பட்ட கற்களின் இயல்புகள் வருமாறு:

சார்னோக்கைட்டு: பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகளில் காணப்படும் கருநிறக் கடும்பாறை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் (இறப்பு 1693) கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்தது. அதனாலேயே புவியியலாளர் டி. எச். ஹாலந்து இப்பாறைக்கு இப்பெயரை இட்டார். பேச்சு வழக்கில் இதுவும் கருங்கல் என்றே வழங்கும். மிகுந்த உறுதியும் எடையும் உடையது. படிவுத்தளம் இல்லாததால் ஒழுங்கற்ற துண்டுகளாக உடையும். எனவே ஒவ்வொரு கல்லுக்கும் பொருத்தமான இடம் தேட அதிக நேரம் பிடிக்கும்.

வரிப்பாறைக் கருங்கல்: கனிமங்கள் வரிவரியாக அமைந்த கடும்பாறை. வரிகளின் போக்கில் பிளந்தால் ஓரளவு தட்டையான பக்கங்கள் கிடைப்பதால் அடுக்குவது எளிது.

செம்பூரான் கல்: இரும்புச் சத்து மிகுந்த, துளைகள் நிறைந்த செந்நிறக் கல். வெட்டி எடுக்கும்போது மென்மையாகவும், காற்றுப்பட்டபின் கடினமாகவும் இருக்கும். கரடான பரப்பு உடையதால் உராய்வு மிகுதி. எனினும் கருங்கல்லைவிட வலுக் குறைந்ததாகையால் உயரம் குறைந்த சுவர்களுக்கே ஏற்றது.

குவார்ட்சைட்டுக் கூழாங்கல்: பூண்டி, அல்லிக்குழிக் குன்றுகள், கொசத்தலை ஆற்றுப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைக்கும். 1863இல் இராபர்ட் புரூசு ஃபூட்டு அத்திரம்பாக்கத்தில் கண்டறிந்த பழைய கற்காலக் கருவிகள் இவ்வகைக் கல்லால் ஆனவை. மிகக் கடினமானதாயினும் உருண்டு வழவழப்பாக இருப்பதால் சுவர் முகப்புக்கு உதவாது. உடைத்த துண்டுகள் உள்நிரப்புக்குப் பயன்படும்.

கடப்பைக் கல்: ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வரும் சுண்ணாம்புப் பாறை. பலகை போலப் பிளவுபடும். மேல்மூடு கல்லாகவும் மட்டம் சரிசெய்யவும் உதவும்.

கட்டும் முறை

முதலில் மேல்மண்ணை அகற்றி, உறுதியான நிலம் தென்படும்வரை பள்ளம் தோண்டப்படும். விரிந்து சுருங்கும் களிமண் நிலத்தில் பள்ளம் கூடுதல் ஆழமாக இருத்தல் வேண்டும். மிகப் பெரிய கற்கள் அடிவரிசையில் இடப்படும். தனித்து நிற்கும் சுவருக்கு இரண்டு முகப்புகள் உண்டு. இரண்டும் மேலே செல்லச் செல்ல உட்புறமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கும். இச்சாய்வைக் காக்க மரச்சட்டமும் நூலும் பயன்படுத்தப்படுகின்றன. அடுக்கும்போது பின்வரும் விதிகள் கடைப்பிடிக்கப்படும்:

* ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டு கற்களின் இணைப்பின்மேல் அமர வேண்டும். இணைப்புகள் நேர்க்கோட்டில் தொடர்ந்தால் சுவர் அங்கே பிளக்கும்.
* படிவுத்தளம் உடைய கல்லை அத்தளம் கிடையாக இருக்கும்படி வைக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் மழைநீர் ஊடுருவிப் பாளம்பாளமாக உரியும்.
* கல்லின் நீண்ட பக்கத்தை முகப்பில் காட்டுவது சுவரைப் பெரிதாகக் காட்டுமே தவிர உறுதியாக்காது.
* உள்ளிடத்தைச் சக்கைகளால் கையால் நிரப்ப வேண்டும். மண்ணோ மணலோ கொட்டி நிரப்பினால் மழையில் அது கரைந்து வெளியேறி, முகப்புகள் உள்ளே சரியும்.
* ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் இரு முகப்புகளையும் இணைக்கும் பிணைப்புக் கற்களை இட வேண்டும்.
* ஆட்டத்தை நிறுத்தும் ஆப்புக் கற்களை உட்புறத்திலிருந்தே செருக வேண்டும். முகப்பிலிருந்து செருகியவை நாளடைவில் உதிரும்.

உச்சியில் கனமான மூடுகற்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன. அவற்றின் எடை கீழுள்ள சிறு கற்களை இறுக்கிப் பிடிக்கிறது.

தேவையான கல்லின் அளவை எளிதில் கணக்கிடலாம். 1.2 மீட்டர் உயரமும், அடியில் 0.7 மீட்டரும் உச்சியில் 0.4 மீட்டரும் அகலமும் கொண்ட சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.66 கனமீட்டர் கொள்ளளவு ஆகும். இடைவெளிகளுக்காகக் கால் பங்கைக் கழித்தால், கருங்கல்லில் ஏறத்தாழ 1.3 டன் கல் வேண்டும்.

நீரும் சுவரின் உறுதியும்

காரையில்லாச் சுவரின் முதன்மையான நன்மை, நீர் அதன் இடுக்குகள் வழியே வெளியேறுவதாகும். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரின் பின்னால் நீர் தேங்கினால், மண்ணின் அழுத்தத்துடன் நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். பழைய காரையில்லாச் சுவரை "வலுப்படுத்த" எண்ணி அதன் முகப்பில் சிமெந்து பூசுவது இவ்வழியை அடைத்துவிடும். சுவர் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், அடுத்த பெருமழையில் அதன் ஆபத்து கூடியிருக்கும். காரையிட்டுக் கட்டப்படும் தாங்கு சுவர்களில் வடிகால் துளைகள் விடப்படுவதும் இக்காரணத்தினாலேயே.

கற்சுவர்கள் இடிவதால் ஏற்படும் இழப்பு பெரிதாக இருக்கக்கூடும். 2019 டிசம்பர் 2 அன்று கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள நடூரில், ஏறத்தாழ 20 அடி உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று மழையின்போது வீடுகள்மீது விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். சுவரின் வயிறு புடைத்தல், கற்கள் உதிர்தல், மழைக்குப்பின் புதிதாகச் சாய்தல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகளாகும். குடியிருப்புகளை அடுத்த உயரமான சுவர்களைப் பொறியாளரின் ஆய்வின்றிக் கட்டுவது தகாது.

தமிழர் பகுதிகளில் பயன்பாடு

தொண்டை மண்டலத்தின் ஏரிகள் மண்கரைகளால் ஆனவை. பெரிய ஏரிகளில், அலைகள் கரையை அரிக்காதிருக்க, நீர்ப்புறச் சரிவில் கற்கள் பாவப்படுவது உண்டு. பாசனத்தின்போது நீர்மட்டம் இறங்கும். அப்போது கரையில் ஊறிய நீர், காரையிடாத கற்களின் இடுக்குகள் வழியே தடையின்றி வடியும். அதனுடன் மண் வெளியேறாதிருக்கக் கற்களின் அடியில் சரளைப் படுக்கை இடப்படுகிறது. கல்லணையின் பழைய அமைப்பு கற்களைக் களிமண்ணுடன் அடுக்கிக் கட்டப்பட்டது எனக் கூறப்படுகிறது. எனவே அது இவ்வகைக்கு நெருங்கியதாயினும் முழுமையாக இதில் அடங்காது.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கேயுள்ள தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில், காணிகளின் எல்லைகள் முருகைக்கற்களைக் காரையின்றி அடுக்கிய மதில்களால் குறிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிடுகாலும் பனையோலையாலும் வேலி அடைப்பது வழக்கமாக இருக்க, நெடுந்தீவில் நிலத்தில் கிடைக்கும் கல்லே வேலியானது. முருகைக்கல் இலேசானது, துளைகளும் கரடான பரப்பும் உடையது. எனவே சிறிய கற்களும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். கடலிலிருந்து பவளப்பாறை எடுப்பது இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே பழைய மதிலின் கற்கள் அகற்றப்பட்டால் அவற்றை ஈடுசெய்வது கடினம். விழுந்த கற்களை மீண்டும் அடுக்குவதே தக்க பேணுமுறையாகும்.

உலகளவில்

ஆப்பிரிக்காவின் பெரும் சிம்பாப்வே (11 - 15ஆம் நூற்றாண்டு) இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அங்குள்ள கருங்கற் சுவர்கள் சில 11 மீட்டர் வரை உயர்ந்தவை. 2018இல் குரோவாசியா, சைப்பிரசு, பிரான்சு, கிரேக்கம், இத்தாலி, சுலோவீனியா, எசுப்பானியா, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளின் காரையில்லாக் கற்சுவர்க் கலை யுனெசுக்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024இல் மேலும் ஐந்து நாடுகள் இதில் இணைக்கப்பட்டன.

கல் பெறுவதில் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கல் எடுப்பது, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளுக்கு உட்பட்டது. புறம்போக்கு நிலத்தில் கிடக்கும் கல் என்பதனால் எவரும் எடுத்துக்கொள்ள இயலாது. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வட்டமாகக் கிடக்கும் பெரிய கற்கள் பெருங்கற்கால ஈமச் சின்னங்களாக இருக்கக்கூடும். சுவருக்காக அவற்றைப் பெயர்த்தால் அங்கு புதைந்துள்ள வரலாற்றுச் சான்றுகளும் அழியும். இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் கருங்கற்களை மீளப் பயன்படுத்துவது செலவையும் புதிய கல்லின் தேவையையும் குறைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* கல்லணை
* நெடுந்தீவு
* பெருங்கற்காலம்
* ஏரிப் பாசனம்