ஒன்பது வருஷம் முன்னாலேயே சொன்ன சிறுநீர்

1967. அமெரிக்கத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. அதில் உதிர்ந்திருந்த செல்களை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சந்தேகம் வந்தது, ஆனா புற்றுநோய்தான்னு அடித்துச் சொல்ல முடியலை. அடுத்த வருஷம் அதிபர் தேர்தலில் நின்று, மொத்த ஓட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நிக்சனிடம் தோற்றார். 1976இல் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டி வந்தது. 1978 ஜனவரியில் இறந்துபோனார்.

கதை அங்கே முடியலை. அந்தப் பழைய செல்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் பார்த்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். 1976இல் அகற்றிய கட்டியில் பி53 மரபணுவில் என்ன பிழை இருந்ததோ, அதே பிழை 1967 செல்களிலும் இருந்தது!

சிறுநீரில் புற்றுச் செல்லைத் தேடுவது அப்போதே பழைய விஷயம்தான். பாப் ஸ்மியர் பாப்பனிகோலோவும் மார்ஷலும் 1945லேயே இதை எழுதிவிட்டார்கள். சிக்கல் என்னன்னா, வேகமாக வளரும் கட்டியின் செல்கள் கோரமாக இருக்கும், கண்ணில் படும். மெதுவாக வளரும் கட்டியின் செல்கள் நல்ல செல் மாதிரியே இருக்கும், தப்பிவிடும். இந்த நோயோ வெட்டி எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அதனால்தான் நோயாளிகள் வருஷக்கணக்கில் குழாய்க் கேமராவான சிஸ்டோஸ்கோப்பிக்குப் போய்வர வேண்டியிருக்கு.

செல்லின் தோற்றத்தை விட்டுட்டு மரபணுவைப் பார்த்தால் என்ன? 1991இல் சிட்ரான்ஸ்கி, வோகல்ஸ்டீன் குழு நோயாளிகளின் சிறுநீரிலேயே பி53 பிழையைக் காட்டியது. 2001இல், நோய் திரும்புதான்னு கண்காணிக்க ஒரு சோதனைக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 3, 7, 17ஆம் குரோமோசோம்கள் கூடியிருக்கா, 9ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமப் போயிருக்கான்னு ஒளிரும் சாயத்தால் பார்க்கும் சோதனை அது.

ஆனாலும் குழாய்க்கு முழு விடுதலை கிடைக்கலை. சில சமயம் சிறுநீர்ச் சோதனை 'இருக்கு' என்கும், கேமராவில் எதுவும் தெரியாது. சில சமயம் அது தப்புக் கணக்கு. சில சமயம் நோய்தான் இன்னும் கண்ணுக்கு எட்டலை. அந்த இடைவெளியில் காத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

1967லேயே தெரிந்திருந்தால் ஹம்ஃப்ரி பிழைத்திருப்பாரா? சுலபமா ஆமான்னு சொல்லிட முடியாது. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையை மொராலெஸ் குழு வெளியிட்டதே 1976இல்தான், அவருக்கு அறுவை நடந்த அதே வருஷம். முன்கூட்டியே தெரிவது பாதிதான். தெரிந்த பிறகு செய்ய ஒரு வழி இருக்கணும், அதுதான் மீதிப் பாதி.