'வட்டியில்லாத் தவணை': வட்டி எங்கே இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு, சம்பளக் கணக்கு தொடங்கியதுமே கிரெடிட் கார்டு வேண்டுமா என்று வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. திருவள்ளூர், பொன்னேரி கடைகளிலோ செல்போனும் ஃபிரிட்ஜும் 'வட்டியில்லாத் தவணை'யில் கிடைக்கின்றன. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள்கூட இந்தச் சொல்லை நம்பிவிடுகின்றன. இது இரண்டு வேறு சலுகைகளைக் குறிக்கும் சொல் என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

வட்டியில்லாக் காலம்

கார்டில் பொருள் வாங்கிய நாள் முதல் பில் கட்ட வேண்டிய கடைசி நாள் வரை பொதுவாக 20 முதல் 50 நாட்கள் கிடைக்கும். அதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. பாக்கி வைத்தால் சலுகை போய்விடும். பாக்கித் தொகைக்கு, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். புதிதாக வாங்கும் பொருட்களுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டு மூலம் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது.

'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்பதில்தான் பலர் சிக்குகிறார்கள். பில் 20,000 ரூபாய் என்றும், 5 சதவீதமாக 1,000 ரூபாய் மட்டும் கட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால், மீதி 19,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய். அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120 ரூபாய். அடுத்த மாதம் கட்டும் ஆயிரத்தில் 785 ரூபாய் இதற்கே போய்விடும். இது ஆண்டுக்கு 42 சதவீத வட்டி! 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்றது என 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

நோ காஸ்ட் இஎம்ஐ

24,000 ரூபாய் செல்போனை மாதம் 2,000 வீதம் 12 தவணையில் வாங்குகிறோம். பார்வைக்கு வட்டி இல்லை. ஆனால் வங்கி 15 சதவீத வட்டி வாங்குவதாக இருந்தால், கணக்கு இதுதான்: கடன் தொகை சுமார் 22,159 ரூபாய், வட்டி 1,841 ரூபாய். அந்த வட்டி அளவுக்குக் கடையோ நிறுவனமோ விலையில் தள்ளுபடி தந்து ஈடுகட்டுகிறது. வட்டிக்கான ஜிஎஸ்டி 331 ரூபாயும், பரிசீலனைக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியுடன் 235 ரூபாயும் நம் தலையில் விழும். ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியும் போய்விடும்.

பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று கூறி, ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் அத்தகைய திட்டங்களுக்குத் தடை விதித்தது. வட்டியுள்ள தவணையை வட்டியில்லாதது போல மறைத்துக் காட்டக் கூடாது. அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது 2022ம் ஆண்டு விதி.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வட்டிக்குத் தடை அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்களில் தெளிவாக உள்ளது. வட்டி வாங்குவது போலவே கொடுப்பதும் பாவம் என்பது ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸிலிருந்து விளங்குகிறது. ஒப்பந்தத்தில் வட்டி நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டை, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணத்துடன் பயன்படுத்துவதும் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ல் ரியாதில் முடிவு செய்தது. முழுத் தொகையையும் தவறாமல் கட்டுபவருக்குத் தேவையின் அடிப்படையில் அனுமதிக்கும் அறிஞர்களும் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அதேசமயம், ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருப்பது மட்டுமே வட்டியாகிவிடாது. விற்பவரே தவணை விலையை முன்கூட்டியே ஒரே தொகையாக முடிவு செய்து, தாமதத்துக்குக் கூடுதல் கேட்காமல் விற்றால் அது வியாபாரம். இதையும் அதே அகாடமி 1990ல் தெளிவுபடுத்தியுள்ளது.

நாம் செய்ய வேண்டியது

* ரொக்க விலை என்ன என்று முதலில் கேளுங்கள். கையெழுத்திடும் முன் வட்டி, கட்டணம், வரி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.
* பாக்கி இல்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும்.
* வங்கியிடம் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.
* அவசரத் தேவைக்கு ஜமாஅத் பைத்துல்மாலில் அழகிய கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த வசதி இல்லாத மஹல்லாக்கள் சிறு தொகையிலாவது தொடங்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளை 10,000 ரூபாய்க்காகக் கார்டைத் தேய்க்காமல் காப்பது நம் எல்லோரின் பொறுப்பு.

வட்டியின் எல்லா வடிவங்களிலிருந்தும் அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக!