கப்பலில் வந்த சோறு

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைக் கடந்து வடக்கே செல்வோரை எதிர்கொள்ளும் ஊர் கோட்டக்குப்பம். இன்று ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடம் தெரியாது. ஆனால் 1947ஆம் ஆண்டு வரை இவ்விரண்டுக்கும் இடையே ஓடிய எல்லைக்கோடு இரு பேரரசுகளைப் பிரித்த கோடாகும். தெற்கே பிரெஞ்சுக்காரரின் துறைமுக நகரம்; வடக்கே ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம். இரு கொடிகள், இரு சட்டங்கள், இரு சுங்கங்கள். கடல் மட்டும் ஒன்றே. அந்தக் கடல்வழியே சென்றதும் வந்ததும் என்ன என்று ஆராய்வோர்க்கு, ஒரு நாட்டின் சோறு எவ்வாறு பிறர் கைக்குப் போகிறது, எவ்வாறு மீட்கப்படுகிறது என்னும் வரலாறு விளங்கும்.

சென்றது மல்லாட்டை

வேர்க்கடலையைத் தென்னார்க்காட்டு மக்கள் மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்னும் பெயர் மருவிய வடிவம் அது. பெயரே அது கடல் கடந்து வந்த பயிர் என்பதைச் சொல்லிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் இக்கொட்டையைப் பெரிதும் வேண்டின. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் செம்மண் புன்செய்களில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக் கரைக்கு வந்து, சலங்குகளில் ஏறி, ஆழ்கடலில் நின்ற கப்பல்களை அடைந்தது.

கம்பும் கேழ்வரகும் வரகும் சாமையும் விளைந்த புன்செய்களில் இப்பயிர் படிப்படியாக இடம் பிடித்தது. இதற்காக உழவனைக் குறை கூறுவதற்கில்லை. கிஸ்தியைப் பணமாகவே கட்டவேண்டியிருந்தவனுக்குப் பணம் தரும் பயிரே துணை. மழை குறைந்த ஆண்டிலும் ஓரளவு தாங்கி நிற்பது மல்லாட்டை. அவன் கணக்கில் பிழையில்லை. எனினும் தனித்தனி உழவரின் சரியான கணக்குகள் ஒன்றுகூடியபோது, மாவட்டம் தன் உணவின் ஒரு பகுதிக்குச் சந்தையை நம்பியிருக்கும் நிலை உருவாயிற்று.

அச்சந்தையின் கொடுமையை மக்கள் முன்பே கண்டிருந்தனர். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாய்ச்சொல்லில் வழங்கும் 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோதும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் இங்கிலாந்து நோக்கிச் சென்றுகொண்டுதான் இருந்தன. விலை கொடுக்க வல்லவன் இருக்கும் திசையில் தானியம் செல்லும். பசித்தவன் இருக்கும் திசையில் செல்லாது. சிவகங்கைச் சீமையில் வில்லியப்ப பிள்ளை இப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ பாடினார். அரசாங்க அறிக்கைகள் எண்ணிக்கையை எழுதிவைத்த காலத்தில், புலவன் பசியை எழுதிவைத்தான்.

வந்தது ரங்கூன் அரிசி

மல்லாட்டை மேற்கே போக, அரிசி கிழக்கிலிருந்து வந்தது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த அறுபது ஆண்டுகளில் ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. அவ்வயல்களுக்கு வேண்டிய கூலியாட்களில் பலர் தமிழரும் தெலுங்கரும். வேண்டிய கடனைத் தந்தோரில் முதன்மையானோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களில் பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் பாதி அளவு இந்தியாவுக்கே வந்தது.

உலகப் பொருளாதார மந்தம் அங்கும் உழவனை வீழ்த்தியது. நெல் விலை சரிந்ததால் கடன் கட்ட முடியாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சென்றன. முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்தது. 1937இல் 25 பங்காயிற்று. நமக்கு மலிவாக வந்த அரிசிக்கு அங்கே யாரோ ஒருவர் நிலத்தால் விலை கொடுத்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டால், வெளியிலிருந்து வந்த அரிசி மொத்த நுகர்வில் இருபதில் ஒரு பங்கு அளவே. அறிஞர் பலர் இதைச் சிறிதெனக் கருதினர். ஆனால் அச்சிறு பங்கு நாடெங்கும் சமமாகப் பரவவில்லை. சென்னை மாகாணம், திருவிதாங்கூர், வங்காளம் ஆகிய இடங்களிற் குவிந்திருந்தது. அன்றியும், உள்ளூரில் விளைச்சல் குறைந்தாலும் ரங்கூன் கப்பல் வரும் என்னும் நம்பிக்கையே விலையைக் கட்டிவைத்திருந்தது. நம்பிக்கை அறுந்தால் மூட்டைகள் இருட்டறைக்குள் போகும்.

நின்ற கப்பல்

1942ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. கப்பல்கள் நின்றன. அரிசிக்கு மாறாக, அராக்கான், அசாம் மலைவழிகளில் நடந்தே திரும்பிய அகதிகள் பல இலட்சம் பேர் வந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். மறு ஆண்டு வங்கப் பஞ்சம். அரசாங்கத்தின் விசாரணைக் குழு இறந்தோர் 15 இலட்சம் என்றது; பின்வந்த ஆய்வாளர் 30 இலட்சம் வரை கணக்கிட்டனர். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், உணவின் பற்றாக்குறையைவிட உணவை வாங்கும் ஆற்றல் ஏழையிடமிருந்து பறிபோனதே அப்பஞ்சத்தின் காரணம் என்று வாதிட்டார். தானியம் இருப்பது வேறு. தட்டில் விழுவது வேறு.

1942இல் ‘உணவை அதிகம் விளைவிப்போம்’ இயக்கம் தொடங்கிற்று. 1943இல் கிரிகோரி குழு நகரங்களிற் பங்கீட்டு முறையைப் பரிந்துரைத்தது. ‘ரேஷன்’ என்னும் சொல் தமிழர் இல்லங்களுக்குள் புகுந்தது இக்காலத்தில்தான். 1952இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் பற்றாக்குறை நீங்கவில்லை. அதன் முகவரி மட்டும் மாறியது. இலங்கையிலோ 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலக நேர்ந்தது.

கோதுமைக் கப்பலும் ஆடுதுறை நெல்லும்

ரங்கூன் கப்பல் இருந்த இடத்தில் அமெரிக்கக் கப்பல் வந்து நின்றது. பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டம் 1954இல் பிறந்தது. 1956இல் இந்தியா அதன்கீழ் உடன்படிக்கை செய்துகொண்டது. ரூபாயிலேயே விலை கொடுக்கலாம் என்பதால் அது எளிதாகத் தோன்றிற்று. 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாக வீழ்ந்தது. 1966இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. அமெரிக்க அதிபர் ஜான்சன் ஒரேயடியாக அனுப்பாமல் சிறிது சிறிதாக அளந்து அனுப்பினார். வியட்நாம் போர் பற்றி இந்தியா கூறிய கருத்தும் அந்தத் தராசில் வைக்கப்பட்டது. பிரதமர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார்.

அக்காலத்து உணவு அமைச்சர் தமிழரான சி. சுப்பிரமணியம். அவர் முயற்சியின் சிறப்பு, விதையை மட்டும் நம்பாமையே. விளைவித்தவனுக்கு விலை உறுதி வேண்டும் என்று 1965இல் வேளாண் விலைக்குழு அமைந்தது. விளைந்ததைக் கொள்முதல் செய்து சேமிக்க இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14ஆம் நாள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிற்று. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் அமைந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. சோறாக வந்த கப்பல் விதையாக வந்தது அன்றுதான். தஞ்சைக் கழனிகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லும், பின்னர் ஐ.ஆர். 8 நெல்லும் பரவின. 1971இன் இறுதியில் பி.எல். 480 தானியத்துக்கு இந்தியா விடை கொடுத்தது.

சேமிப்பும் பங்கீடும் இணையாவிடில் விளைச்சல் பயன் தராது என்பதைத் தமிழகம் நன்குணர்ந்தது. 1967 தேர்தலில் அரிசியே பெரும்பொருளாயிற்று. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2013இல் நடுவண் அரசு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய பின்னும், அனைவர்க்கும் பொதுவான பங்கீட்டு முறையைத் தமிழகம் கைவிடவில்லை. மணிமேகலையின் அமுதசுரபி காப்பியக் கற்பனை; பங்கீட்டுக்கடை அக்கற்பனையின் அலுவலக வடிவம் எனலாம்.

மீண்டும் அதே கடல்

அரிசியை இறக்கிய நாடு இன்று உலகிலேயே மிகுதியாக அரிசியை ஏற்றும் நாடு. 2023 சூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தபோது, பிறநாட்டு ஏழையர் அடுப்பங்கரைகளில் கலக்கம் மூண்டது. ரங்கூன் கப்பலுக்காகக் காத்திருந்தோரின் பேரர், பிறரைக் காக்கவைக்கும் நிலையை அடைந்தனர்.

ஆயினும் கதை முடியவில்லை. மார்சேலுக்கு மல்லாட்டை அனுப்பிய இந்நாடு, இன்று தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2022 ஏப்பிரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது, 1942இன் நிழல் ஒரு கணம் வாணலியில் தெரிந்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் தந்த டி.எம்.வி. 2 என்னும் கடலை வகை பல்லாண்டுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரானது. அப்பெயரிலுள்ள முதலெழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. அறிவு இம்மண்ணில் இருந்தது; விலை உறுதியும் கொள்முதலும் நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த அளவில் எண்ணெய்வித்துக்குக் கிடைக்கவில்லை. நீரும் குறைகிறது, கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைக்கும்போது உவர்நீர் உள்ளே புகுகிறது.

எல்லாவற்றையும் ஒரு நாடு தானே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடமன்று. வாணிகம் பகையும் அன்று. கப்பல் நின்றாலும் சில திங்கள் தாங்கும் களஞ்சியம், விளைவிப்பவனுக்கு உறுதியான விலை, விலை ஏறினும் ஏழைக்குத் தவறாத பங்கு, வற்றாத ஏரி: இந்நான்கும் இருக்கும் நாட்டுக்குக் கப்பல் விருந்தாளி, இல்லாத நாட்டுக்குக் கப்பலே எசமான். திருவள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்தே நல்குரவை வைத்தார். அவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஏடு ஒன்றைப் புரட்டும் தூரமே என்பதை, கோட்டக்குப்பத்துக் கரையில் நின்று கீழ்க்கடலை நோக்குவோர் உணர்வர்.