சோடா கலன்

சோடா கலன் என்பது குடிநீரிலோ பழச்சாற்றிலோ கரியமில வாயுவை அழுத்தத்தில் கரைத்துத் தேக்கி வைத்து, வேண்டும்போது குழாய் வழியே பிடித்துக்கொள்ள உதவும் எஃகுப் பாத்திரம். 'கெக்' என்றும் சொல்வர். உருவம் புதிதாகத் தோன்றினாலும், தமிழ்நாட்டுக் கோலி சோடாவை இயக்கும் அதே விதியே இதையும் இயக்குகிறது.

வரலாறு

1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மது நொதிக்கும் தொட்டிக்கு மேலிருந்த வாயுவை நீரில் ஏற்றிப் பார்த்தார். ஜேக்கப் ஸ்வெப் 1783-இல் ஜெனீவாவில் இதைத் தொழிலாக்கினார். கழுத்தில் கண்ணாடிக் கோலி வைத்த பாட்டிலுக்கு ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்றார். விருதுநகரில் 1916-இல் காளிமார்க் குளிர்பான நிறுவனம் தொடங்கப்பட்டது. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, உள்ளூர்ச் சோடாவுக்கும் கலருக்கும் மறுபடி வரவேற்பு கிடைத்தது.

கோலி சோடாப் பட்டறையில் நீர் நிரப்பிய பாட்டில்களைச் சட்டத்தில் பொருத்தி, வாயுவைச் செலுத்திக்கொண்டே சுழற்றுவார்கள். கவிழும் பாட்டிலில் கோலி கழுத்துக்கு இறங்கி, உள்ளழுத்தத்தால் ரப்பர் வளையத்தில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். கோலியை உள்ளே தள்ளித் திறப்பதைத்தான் 'சோடா உடைப்பது' என்கிறோம்.

செயல்படும் விதம்

குளிரும் அழுத்தமும் கூடக் கூட நீரில் வாயு அதிகம் கரையும். 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தத்தில் 4 டிகிரி செல்சியஸ் நீர், தன் கொள்ளளவைப் போல ஏறத்தாழ 4 மடங்கு வாயுவை ஏற்கும். 30 டிகிரி நீரோ அதில் பாதியளவையே ஏற்கும். வெதுவெதுப்பான நீரில் எவ்வளவு வாயு விட்டாலும் சோடா சப்பென்று இருப்பது இதனால்தான்.

அமைப்பும் தயாரிப்பும்

வீடுகளில் பெரும்பாலும் பயன்படுவது 19 லிட்டர் கார்னீலியஸ் கலன். குளிர்பானக் கடைகளுக்குச் சர்க்கரைப்பாகு அனுப்ப உருவானது இது. மூடியைப் பிரஷர் குக்கரைப் போல ரப்பர் வளையம் அடைக்கும். உள்ளே இரு குழல்கள்: குட்டையானது வாயு நுழைய, அடிவரை நீண்டது பானம் வெளியேற. கரியமில வாயு சிலிண்டரும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் தனியே வேண்டும்.

கழுவிய கலனில் மேலே சற்று இடம்விட்டு நீரை நிரப்பிக் குளிர வைக்க வேண்டும். வாயுவை விட்டு, பாதுகாப்பு வால்வைச் சிலமுறை திறந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பின் 30 பிஎஸ்ஐ-யில் வைத்துக் கலனைக் குலுக்கினால் வாயு விரைவில் கரையும். குலுக்காமல் விட்டால் சில நாள் ஆகும். பட்டறையில் பாட்டிலைச் சுழற்றுவதற்கும் இதுவே காரணம். பானம் பிடிக்கும் குழாய் மெல்லியதாகவும் சில மீட்டர் நீளமாகவும் இருந்தால், வேகம் தணிந்து நுரை குறையும்.

கொல்லிமலையில்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள கொல்லிமலை சோடா தயாரிக்க உகந்த இடம். கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. அதனால் சமவெளிக் கோடையில் சிலிண்டரின் அழுத்தம் வெகுவாக ஏறும். மலையின் குளிர்ச்சியில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் இங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ரெகுலேட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டுமே. எனவே சமவெளியில் 30 பிஎஸ்ஐ வைப்பவர் இங்கு 32 வைத்தால்தான் அதே விறுவிறுப்பு கிடைக்கும்.

கொல்லிமலை அன்னாசிக்குத் தனிப் பெயர் உண்டு. அதன் சாற்றை நேரடியாகக் கலனில் ஏற்றினால் சக்கை குழலை அடைக்கும். நார்த்துகள்களில் வாயு குமிழியாகி நுரை பொங்கும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுவது அவசியம். வெறும் சோடாவைப் பிடித்து, டம்ளரில் சாற்றுடன் சேர்ப்பது இன்னும் நல்லது. அன்னாசியின் மணமும் குறையாது.

பாதுகாப்பு

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கி மூச்சடைக்கச் செய்யும். சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். உணவுத் தரமுள்ள வாயுவையே வாங்க வேண்டும். சோடா அமிலத்தன்மை உடையது. செம்பு, பித்தளை பட்டால் அவற்றைக் கரைத்து நஞ்சாகும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேரடியாகக் கலனில் இணைத்தால் கலன் வெடிக்கக்கூடும். மூடியைத் திறக்கும் முன் உள்ளழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.