மனந்திரும்புதல்: ஒரு சொல் வந்த வழி

திருத்தணி வட்டாரத்துப் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தோடு தமிழும் தெலுங்கும் சேர்ந்தே காதில் விழும். 1960 ஏப்ரல் 1 வரை இந்த வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இங்குள்ள கிறிஸ்தவர்களில் தமிழ் வேதாகமம் படிப்பவர் 'மனந்திரும்புங்கள்' என்று வாசிக்கும் அதே வசனத்தில், தெலுங்கு வேதாகமம் 'மாருமனஸ்ஸு' என்கிறது. மூலமான கிரேக்கச் சொல் மெட்டனோயா. மனம் வேறாவது என்பது பொருள். தெலுங்கு அதையொட்டி நிற்கிறது. தமிழோ அதற்கும் முந்திய எபிரேய 'ஷூப்' பக்கம் போய்விடுகிறது. தீர்க்கதரிசிகள் ஓயாமல் சொன்ன சொல் அது: திரும்பு. தவறான வழியில் போனவன் வந்த பாதையிலேயே நடந்து வரவேண்டும்.

இலத்தீனில்தான் இந்தச் சொல்லின் பொருள் தடம் மாறியது. 'பெனிடென்சியா செய்யுங்கள்' என்ற மொழிபெயர்ப்பை, குருவானவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்து முடிப்பதாகவே பலரும் புரிந்துகொண்டார்கள். 1517-இல் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே இதைப் பற்றியது: கிறிஸ்து கேட்டது ஒரு சடங்கை அல்ல, வாழ்நாள் முழுவதையும்.

தமிழில் 1580-இல் இயேசு சபைக் குரு ஹென்ரிக்ஸ் அடிகளார் அச்சிட்ட பாவ அறிக்கை வழிகாட்டி நூலுக்குப் பெயர் 'கொம்பெசியோனாயரு'. போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருந்தார். பிறகு கத்தோலிக்கர் வழக்கில் பாவசங்கீர்த்தனமும் உத்தம மனஸ்தாபமும் வந்தன. மனஸ்தாபம் அழகான சொல், உள்ளம் வெந்து வருந்துவது. ஆனால் கோயிலுக்கு வெளியே இன்று அது அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறில் வரும் கசப்பு. 1995-இல் வந்த திருவிவிலியம் 'மனம் மாறுங்கள்' என்கிறது. பொருள் தெளிவுதான்; எனக்கு என்னவோ அதில் நடந்து வரும் கால்களைக் காணோம்.

என் வருத்தம் வேறு. 'அந்த அக்கா மனந்திரும்பிட்டாங்க' என்று இப்போது சபைகளில் சொன்னால் பாதிப் பேருக்குத் தோன்றுவது கழற்றிய தோடு, அழித்த பொட்டு, வெள்ளைச் சேலை. ஞானஸ்நானம் எடுத்த தேதியைக் கேட்கிறார்கள். வீட்டில் மருமகளோடு பேச்சு உண்டா, கூலியாளின் பாக்கியைக் கொடுத்தாயிற்றா என்று கேட்பதில்லை. உள்ளே நடக்கவேண்டியதற்கு வைத்த பெயரையே வெளி அடையாளத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம்.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று, மனந்திரும்பச் சொன்ன யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்கிறார். வரி வசூலிப்பவனிடம் அதிகமாக வாங்காதே என்கிறார், போர்ச்சேவகனிடம் மிரட்டிப் பறிக்காதே என்கிறார். உபவாசத்தைப் பற்றியோ உடுப்பின் நிறத்தைப் பற்றியோ அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.